நாற்பது கம்பியும் ஏழு கம்பியும்

நாள் 211, காலை 06:30
குழிவாய் நிலையம், நிலா. எழுதுபவர்: உமையாள் சிதம்பரம், பொறியாளர்.

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. கூண்டைக் கம்பிக்கயிற்றில் இறக்கி ஏற்றும் விஞ்ச் இருக்கும் அறையில் 19 டிகிரி. ரவூஃபும் பொற்கொடியும் 05:50-க்குக் கூண்டில் குழிக்குள் இறங்கினார்கள். ஆழம் 180 மீட்டர். அடியில் பனி தோண்டுகிறார்கள். கூண்டு அவர்களோடு கீழேயே நிற்கிறது. மாலை வரை எனக்குப் பெரிய வேலை இல்லை.

தலைமையகத்திலிருந்து ஏழாவது நினைவூட்டல் வந்திருக்கிறது. விஞ்ச் அறையில் உள்ள பழைய கணினியை "உடனே நீக்கவும்" என்கிறார்கள். இங்கே இரண்டு கணினிகள் உண்டு. ஒன்று புதியது. அதன் ஹார்ட் டிஸ்கில் அசையும் பாகமே கிடையாது, எல்லாம் சில்லு. நிலையத்தின் பதிவுகள், ஆய்வுத் தரவு, இந்த நாட்குறிப்பு எல்லாம் அதில்தான். மற்றது நிலையத்தைவிட வயசானது. அதனுள் இருக்கும் டிஸ்க் இன்னும் தட்டு சுற்றுகிற ஜாதி. சுற்றும்போது காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம் வரும். விஞ்சை இயக்கும் நிரல் அதில் மட்டுமே உள்ளது. விஞ்சைச் செய்துகொடுத்த நிறுவனம் அந்த நிரலை அந்த ஒரே டிஸ்கின் வரிசை எண்ணோடு பூட்டி வைத்திருக்கிறது. வேறு டிஸ்கில் நகல் எடுத்தால் ஓடாது. பூட்டைத் திறந்து தாருங்கள் என்று நான் எழுதிய ஆறு கடிதங்களுக்கும் பதில் இல்லை. பிறகு எதை நீக்குவது? யாரும் எழுந்து வந்து பார்க்காத இடத்துக்கு உத்தரவு போடுவது சுலபம்.

இன்று சமையல் முறை ரவூஃப் காக்காவுடையது. எனவே குக்கர் வெயிட் அவர் சட்டைப்பையில் குழிக்குள் போயிருக்கிறது. இது எங்கள் நிலையத்துப் பழக்கம். யார் முறையோ அவர் பையில் வெயிட். முறையை ஏமாற்றவும் முடியாது, அடுத்தவர் அடுப்பில் கை வைக்கவும் முடியாது.

நாள் 211, 08:20

08:12-க்கு நில அதிர்ச்சி. நாற்பது விநாடி. சாமான் அறை நொறுங்கிவிட்டது. உபரி சிலிண்டர்கள் அதற்குள். வசிப்பறையில் காற்று போய்விட்டது. விஞ்ச் அறையின் கிழக்குச் சுவரில் முழ நீளத்துக்கு விரிசல். அடைப்புப் பசை பூசினேன். முழுதாக அடையவில்லை.

பழைய கணினி மேசையிலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. புதியது மேசையிலேயே நிற்கிறது.

கீழிருந்து ரவூஃப்: "ஆச்சி, கொடிக்குக் கால் முறிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. காத்து சாயங்காலம் ஏழே முக்கால் வரைக்கும் வரும். நீ பதறாமச் செய்யி."

காரைக்குடிக்காரி என்பதால் முதல் நாளிலிருந்தே நான் அவருக்கு ஆச்சி. அவர் கீழக்கரைக்காரர் என்பதால் எனக்குக் காக்கா. சொந்த அண்ணனைக்கூட நான் இத்தனை தடவை கூப்பிட்டதில்லை. பதறவில்லை என்று சொன்னேன். பொய்தான்.

நாள் 211, 10:05

உடை மாட்டிக்கொண்டு வெளியே போய் விஞ்சைப் பார்த்தேன். மோட்டார் நன்றாக இருக்கிறது. கம்பிக்கயிற்றில் பாதி இழைகள் அறுந்துள்ளன. இனி ஒரு நேரத்தில் ஒருவர்தான். அதுவும் மெதுவாக, நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர். ஆளுக்கு இரண்டு மணி நேரம். கையால் சுற்ற வழியில்லை. எடை குறைக்கிறோம் என்று கைப்பிடியைப் போன வருடம் பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் விஞ்ச் நிரல் டிஸ்கை இரண்டு தடவை படிக்கும். படிக்க முடியாவிட்டால் பிரேக் விழும். விழுந்தால் கூண்டு நடுவில் தொங்க வேண்டியதுதான்.

உடைந்த கணினிக்குள் கை விட்டுப் பழைய டிஸ்கை எடுத்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. நானூறு மீட்டர் தள்ளி பூமிக்குத் திரும்பும் கலம் நேராக நிற்கிறது. அதில் காற்று இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது, நான்கு இருக்கையும் இருக்கிறது.

தலைமையகத்திலிருந்து இயக்குநர்: "உமையாள், நான் வேங்கடவரதன் பேசறேன். புது டிஸ்கைக் கழட்டி எடுத்துக்கிட்டுக் கலத்துக்குப் போங்க. இருநூத்துப் பதினோரு நாள் தரவு அதுல இருக்கு. அடுத்த அதிர்ச்சியில கலம் சாய்ஞ்சா உங்களையும் இழந்துடுவோம். இது உத்தரவு."

மற்ற இருவருக்கும் என்ன வழி என்று கேட்டேன். நிரலின் பூட்டை உடைக்க ஆள் வைத்திருக்கிறார்களாம், ஒன்பது நாள் ஆகுமாம். கீழே இருப்பவர்களிடம் இருப்பது ஒன்பது மணி நேரக் காற்று. அதைச் சொன்னேன். பிறகு அதே உத்தரவை இன்னும் பணிவாகத் திருப்பிச் சொன்னார்.

நான் சொன்னது: "ரெண்டு டிஸ்கும் ஒரே பெட்டியில இருந்தாத்தான் ரெண்டு பேரும் மேல வருவாங்க சார். முடியாது."

நாள் 211, 11:10

பழைய டிஸ்கும் புது டிஸ்கும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட இரண்டு மருமகள்கள். புதியதற்கு ஏழே கம்பி, விரல் அகலம்கூட இல்லாத கேபிள். பழையதற்கு நாற்பது கம்பி, நாடா போலப் பட்டையாக. புதுக் கணினியின் பலகையில் நாற்பது கம்பிக்கு ஒரே ஒரு துளை மிச்சம் வைத்திருந்தார்கள். யார் வைத்தாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

முதல் முறை: பழைய டிஸ்க் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. முதுகில் உள்ள ஊசிகளைப் பார்த்தேன். ஜம்பர், அதாவது மிளகு அளவுத் தொப்பி, இரண்டாம் டிஸ்க் என்ற இடத்தில் இருந்தது. நாடாவில் முதல் டிஸ்க் இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால் இது வாயே திறக்காது. தொப்பியைப் பிடுங்கி முதல் டிஸ்க் இடத்தில் செருகினேன்.

இரண்டாம் முறை: டிஸ்க் சுற்றவே இல்லை. பல வருடம் ஓயாமல் ஓடிவிட்டு நின்றதில் இறுகிவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பக்கவாட்டில் இரண்டு தட்டு. சுற்றியது.

மூன்றாம் முறை: திரை கறுப்பு. கணினி பழசைக் கண்டதும் மரியாதை கொடுத்து அதிலிருந்தே கிளம்பப் பார்க்கிறது. அமைப்புக்குள் போய், கிளம்புவது புதியதிலிருந்து, பழையது சும்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்று வரிசையை மாற்றினேன்.

11:04. திரையில் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. விஞ்ச் நிரல் திறந்தது. அழுதுவிட்டேன். பதிவில் இருக்கட்டும், எனக்கு வெட்கம் இல்லை.

நாள் 211, 11:40

சந்தோஷம் அரை மணி நேரம்தான். அறையின் காற்றழுத்தம் 84 சதவீதம், இறங்கிக்கொண்டே இருக்கிறது.

புது டிஸ்குக்குக் காற்று இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பழையது அப்படி இல்லை. படிக்கும் முனை தட்டின்மேல் மயிரிழை உயரத்தில் மிதக்கிறது, மிதப்பது காற்றின்மேல். காற்று போனால் முனை தட்டில் விழுந்து உழுதுவிடும். அதன்பின் அது பேப்பர் வெயிட். நாற்பது கம்பி நாடா கை நீளத்துக்கு மேல் போனால் செய்தியைச் சிதைத்துவிடும். ஆகவே டிஸ்கைக் காற்று உள்ள இடத்துக்குத் தூக்கிப் போகவும் முடியாது. அது இங்கேயே இருக்க வேண்டும், அதற்கு மூச்சும் வேண்டும்.

வேங்கடவரதன் இரண்டு முறை அழைத்தார். புது டிஸ்கைப் பற்றிக் கேட்டார். பத்திரமாக இருக்கிறது, பக்கத்தில் துணைக்கு ஆள் இருக்கிறது என்றேன்.

நாள் 211, 11:55

குக்கர்.

ஐந்து லிட்டர் குக்கர், வசிப்பறையில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே அழுத்தம், வெளியே குறைவு. அதற்காகவே செய்த பாத்திரம். டிஸ்க் உள்ளே சரியாகப் போகிறது. பாதுகாப்பு வால்வைக் கழற்றினால் ஒரு ஓட்டை கிடைக்கும், கம்பிகளை அதன் வழியே விடலாம். ஆனால் நாடாவின் முனை அதில் நுழையாது. நாடாவை வெட்டி, கம்பி கம்பியாகப் பிரித்து நுழைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். தரவுக்கு நாற்பது, மின்சாரத்துக்கு நான்கு.

இதைத் தலைமையகத்துக்குச் சொன்னேன். அங்கே யாரோ சிரித்தது கேட்டது. சிரித்தவர் பெயர் தெரியாது. தெரிந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

நாள் 211, 14:35

நாற்பத்து நான்கு இணைப்பும் முடிந்தது. இரண்டரை மணி நேரம் குனிந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பதினேழாவது கம்பியையும் பதினெட்டாவதையும் மாற்றி ஒட்டி, கண்டுபிடித்து, பிரித்து ஒட்டினேன். கம்பிகள் போகும் ஓட்டையில் பசை. டிஸ்கைச் சுற்றி என் துண்டு. மூடினேன். பூமியிலிருந்து குக்கரோடு வந்த வெயிட் அலமாரியில் புத்தம் புதுசாக இருந்தது. அதை எடுத்து மேலே வைத்தேன். அறையில் காற்று 70 சதவீதம், குக்கருக்குள்ளும் அதே. டிஸ்குக்கு அது போதும்.

சுற்றியது. ஆனால் இந்த முறை நான்கு தட்டு தட்ட வேண்டியிருந்தது. இனி இதை நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் மறுபடி எழுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

14:33-க்கு விஞ்ச் கிளம்பியது. கூண்டில் பொற்கொடி.

நாள் 211, 15:25

15:09-க்கு இரண்டாம் அதிர்ச்சி. விரிசல் வாய் பிளந்தது. மூன்று நிமிடத்தில் அறையில் காற்று காலி. முகக்கவசத்தை மூடிவிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை. கலமும் நேராகத்தான் நிற்கிறது. இனி கையுறையோடு தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குக்கரைப் பார்த்தேன். வெயிட் ஆடிக்கொண்டிருந்தது. விசில் இல்லை, சத்தம் போகக் காற்று இல்லை. சும்மா எழும்பி எழும்பி உட்கார்ந்தது. வீட்டில் வெயிட் ஆடினால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். கால் நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன், முட்டாள் மாதிரி.

இங்கே அந்த வெயிட்டுக்கு ஆறில் ஒரு பங்குதான் கனம். வந்த முதல் வாரம் சோறு வேகாமல் அரைவேக்காட்டைத் தின்றோமே, அதே காரணம். அதற்காகத்தானே காக்கா ஆறு மடங்கு கனத்தில் போல்ட்டும் நட்டும் சேர்த்து ஒரு வெயிட் செய்தார்? அதைத்தானே முறை வைத்துப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தோம்? இருநூறு நாள் அந்தச் சோற்றைத் தின்றும் என் கை காரைக்குடிக் கையாகவே இருந்திருக்கிறது. உள்ளே இருந்த காற்றில் பாதி போய்விட்டது. டிஸ்க் ஒரு மீட்டருக்கு இரண்டு முறை படித்துக்கொண்டிருந்தது, நாற்பது முறை திணறிப் படித்தது.

வெயிட்டைத் தூக்கி எறிந்தேன். என் உடையில் அடுத்தவருக்கு மூச்சு கொடுக்க ஒரு உபரிக் குழாய் உண்டு. அதைக் குக்கரின் மூக்கில் செருகிப் பசை வைத்துக் கட்டினேன். இரண்டு மூச்சில் டிஸ்க் நிதானத்துக்கு வந்தது.

இப்போது நானும் அதுவும் ஒரே சிலிண்டரில்.

நாள் 211, 15:50

கணக்கு. காலையில் வெளியே போனதில் என் சிலிண்டரில் ஒரு பங்கு செலவு. தனியாக என்றால் 19:15 வரை. கம்பி ஓட்டையில் பசை கசிகிறது, குக்கர் விடாமல் காற்றுக் கேட்கிறது. இரண்டு பேருக்கும் என்றால் 18:50. காக்கா மேலே வருவது 19:05.

கலத்துக்குப் போய்ச் சிலிண்டர் எடுத்துவரப் போகவர நாற்பது நிமிடம். குழாயைப் பிடுங்கினால் குக்கர் எட்டு நிமிடம் தாங்கும். மதியமே ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும். குக்கரை நம்பினேன். தப்பு என்னுடையது, வேறு யார் பெயரையும் இதில் சேர்க்க வேண்டாம்.

தலைமையகம்: "உமையாள், பொற்கொடி மேல வந்ததும் ரெண்டு பேரும் புது டிஸ்கோட கிளம்பிடுங்க. ஒருத்தரையாவது காப்பாத்தினோம்னு இருக்கட்டும். இது உத்தரவு."

அந்த ஒருத்தர், அடுத்த ஒருத்தர் என்று அவர் எண்ணுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ரேடியோவில் அவர் அலைவரிசையை மூடிவிட்டேன். இந்தப் பதிவு புது டிஸ்கில்தான் இருக்கிறது. தரவு வேண்டும் என்பவர் இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

நாள் 211, 16:40

16:33-க்குக் கொடி மேலே வந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருக்கிறது. தெம்பாகப் பேசுகிறாள், முகம் மட்டும் சாம்பல். வலியில் மூச்சு வாங்கி வாங்கி அவள் சிலிண்டரில் இப்போது அவளுக்கே கலம் வரை போகத்தான் காற்று இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். குக்கரைப் பார்த்தாள், என் குழாயைப் பார்த்தாள்.

பொற்கொடி: "நான் போய் சிலிண்டர் எடுத்தாரேன்க்கா. நொண்டிக்கிட்டே வந்தாலும் வந்துருவேன். நீ அதைக் கழட்டாத."

ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போகிறாள். இங்கே கனம் குறைவு, அது ஒன்றுதான் அவளுக்கு உதவி.

நாள் 211, 17:08

ஆள் இல்லாததால் கூண்டு வேகமாகக் கீழே போய்ச் சேர்ந்தது. 17:05-க்குக் காக்கா ஏறினார். மேலே இழுக்கிறது. டிஸ்க் மீட்டருக்கு மூன்று முறை படிக்கிறது. பரவாயில்லை.

குக்கரின்மேல் கை வைத்திருக்கிறேன். கையுறை வழியாக அதிர்வு வருகிறது. உள்ளே அது அரைத்துக்கொண்டிருக்கிறது.

நாள் 211, 17:55

காக்கா 105 மீட்டர் ஆழத்தில். கொடி கலத்தில் சேர்ந்துவிட்டாள். ஏணி ஏற அரை மணி நேரம் ஆனதாம். சிலிண்டர் நிரம்புகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். கொஞ்சம் குறைந்தது. கோபம் மட்டும் குறையவே இல்லை, அது நல்லதுதான்.

நாள் 211, 18:20

பசை பெரிதாகக் கசிகிறது. குக்கர் கூடக் கேட்கிறது. இரண்டு பேருக்கும் என்றால் இனி 18:35 வரைதான். குக்கருக்கு மட்டும் என்றால் 19:08 வரும்.

காக்கா 67 மீட்டர்.

ரவூஃப்: "ஆச்சி, இந்த வெயிட்டு என் பையில கெடந்து குத்துது. மேல வந்ததும் உன் கையில தந்துடுறேன். ராத்திரிக்கு நெய்ச்சோறு."

அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. கொடியும் சொல்ல மாட்டாள். நெய்ச்சோற்றுக்கு முந்திரி இருக்கிறது என்று சொன்னேன்.

நாள் 211, 18:27

கொடி கிளம்பிவிட்டாள். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு வருகிறாளாம். முன்னூறு மீட்டர் பாக்கி. நடுவில் ஒரு தடவை விழுந்தாள், எழுந்துவிட்டாள்.

என் பக்கத்துக் குழாயை மூடப் போகிறேன். சிலிண்டர் முழுக்கக் குக்கருக்கு. உடைக்குள் மிச்சம் இருக்கிற காற்று எனக்குப் பத்து நிமிடம், அசையாமல் உட்கார்ந்தால் பதினைந்து.

நாள் 211, 18:28

மூடிவிட்டேன்.

டிஸ்க் சீராக இருக்கிறது. மீட்டருக்கு இரண்டு. காலையில் இருந்த மாதிரியே.

நாள் 211, 18:39

39 மீட்டர். கண் முன்னால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரி

காக்கா பாடுகிறார். ரேடியோவை மூட மறந்துவிட்டார் போல. நன்றாக இல்லை. பாடட்டும்

நாள் 211, 18:43

33

கதவைத் திறப்பது கொடியோ யாரோ

குக்கரைத் திறக்காதே. எந்த டிஸ்கையும் கழற்றாதே. இரண்டும் இருக்க வேண்டும் பெட்டியில்

என் குழாயைக் குக்கரிலிருந்து பிடுங்கி என்னிடம் கொண்டுவராதே நான் எப்படி இருந்தாலும்

சிலிண்டர் முதலில் குக்கருக்கு. காக்கா வாசலில் கால் வைத்த பிறகு எனக்கு

இது உத்தரவு